பொறியியல் கலந்தாய்வு: சாய்ஸ் பட்டியலும் நான்கு ஆண்டுச் செலவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்து, டி.என்.இ.ஏ. எனப்படும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான பக்கம் இது. மதிப்பெண் வந்துவிட்டது, இனி அதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. ஆனால் அதே மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கிறது, அதனால் வீட்டில் எவ்வளவு கடன் ஏறுகிறது என்பது விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிக்கு ஒன்றாக வரிசைப்படுத்தி நீங்கள் பதியும் சாய்ஸ் பட்டியலைப் பொறுத்தது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் பட்டியலைத் தவறாகப் போட்டுச் சீட்டை இழப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. அதைத் தடுக்கத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடுவது?

கட்-ஆஃப் என்பது தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பெண்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. கணிதத்தில் 88, இயற்பியலில் 90, வேதியியலில் 92 என்றால் 88 + 45 + 46 = 179. கணிதத்துக்கு இரட்டை எடை என்பதால், ஒரே மொத்தம் எடுத்த இருவரில் கணிதத்தில் கூடுதலாக எடுத்தவர் முந்துவார்.

பட்டியல் போடும்போது கட்-ஆஃபைப் பார்ப்பதா, ரேங்கைப் பார்ப்பதா?

ரேங்கைத்தான். ஓர் ஆண்டு வினாத்தாள் எளிதாக இருந்தால் 179 எடுத்தவர் பல ஆயிரம் இடம் பின்னால் போவார். கடினமாக இருந்தால் முன்னால் வருவார். 2021-இல் கொரோனா காரணமாகப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு, செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றை வைத்து மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபோடு இந்த ஆண்டு மதிப்பெண்ணை ஒப்பிட்டால் கணக்கு முற்றிலும் தவறும். ரேங்க் அப்படி ஆடுவதில்லை. ‘போன ஆண்டு இந்தக் கல்லூரியில் இந்தப் பாடப்பிரிவின் கடைசி இடம் எந்த ரேங்கோடு முடிந்தது?’ என்ற கேள்விக்கான விடைதான் உங்களுக்கு வேண்டியது.

உங்களுக்கு இரண்டு ரேங்க் வரும்: பொதுத் தரவரிசை ஒன்று, சமூகப் பிரிவுத் தரவரிசை ஒன்று. பழைய விவரங்களைப் பார்க்கும்போது அதில் போட்டிருப்பது எந்த ரேங்க் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பொது ரேங்கைப் பொது ரேங்கோடும், சமூகப் பிரிவு ரேங்கைச் சமூகப் பிரிவு ரேங்கோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், கிடைக்கக்கூடிய கல்லூரியைக் கிடைக்காது என்று விட்டுவிடுவீர்கள்.

சீட் எப்படி ஒதுக்கப்படுகிறது?

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கணினி, தரவரிசையில் முன்னால் இருப்பவரின் பட்டியலை முதலில் எடுக்கும். முதல் வரியில் இடம் இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்த மாணவருக்குப் போகும். இல்லையென்றால் இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று இறங்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் வரியில் நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள வரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒவ்வொரு வரியிலும் முதலில் பொதுப்பிரிவு இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் உங்கள் சமூகப் பிரிவுக்கான இடம் இருக்கிறதா என்று பார்க்கும். தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் டி.என்.சி. (சீர்மரபினர்) 20, எஸ்.சி. 15, எஸ்.சி.ஏ. (அருந்ததியர்) 3, எஸ்.டி. 1 சதவீதம். மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். கிடைக்க வாய்ப்புக் குறைவான கல்லூரியை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. கிடைக்காவிட்டால் கணினி அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் உங்களுக்குப் பிடிக்காத கல்லூரியையோ கட்ட முடியாத கல்லூரியையோ பட்டியலில் எங்கே போட்டாலும், அது கிடைத்துவிடலாம். எனவே வரிசை உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். எவ்வளவு ஆழம் வரை போவது என்பதை ரேங்க் தீர்மானிக்கட்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பணம் தீர்மானிக்கட்டும்.

‘கிடைப்பதை முதலில் போடு, அப்போதுதான் சீட் உறுதி’ என்கிறார்களே?

அது தவறு. கிடைக்கக்கூடியது முதல் வரியில் இருந்தால், அது கிடைத்ததும் கணக்கு முடிந்துவிடும். அதைவிட நல்ல கல்லூரி மூன்றாம் வரியில் உங்களுக்காகக் காத்திருந்தாலும் வராது. அப்வர்ட் கேட்டும் பயனில்லை. அப்வர்ட் என்பது சீட் கிடைத்த பிறகு, மேல்வரி காலியானால் வேண்டும் என்று கேட்பது. அது கிடைத்த வரிக்கு மேலே உள்ள வரிகளுக்கு மட்டும்தான்.

மேலே, நடுவில், கீழே எவற்றைப் போடுவது?

கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கும் முந்தைய ஆண்டு விவரங்களில் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் அல்லது எக்செல்லில் ஒவ்வொரு கல்லூரி–பிரிவுக்கும் ஒரு வரி: கல்லூரிக் குறியீட்டு எண், பிரிவின் குறியீடு, பொதுப்பிரிவில் முடிந்த ரேங்க், உங்கள் சமூகப் பிரிவில் முடிந்த ரேங்க், ஆண்டுச் செலவு.

பொது ரேங்க் 40,000 உள்ள ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய சமூகப் பிரிவுக்கான இடங்கள் போன ஆண்டு பொது ரேங்க் 25,000 முதல் 38,000 வரை முடிந்த பிரிவுகள் ஆசை வரிகள்: கிடைத்தால் மகிழ்ச்சி. 38,000 முதல் 55,000 வரை முடிந்தவை பொருத்தமான வரிகள். பெரும்பாலும் இங்கேதான் சீட் விழும். 60,000-க்கு மேல் முடிந்தவை பாதுகாப்பு வரிகள். எல்லையில் இருக்கும் ஒன்றிரண்டை எந்தப் பக்கம் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாய்ப்பு எவ்வளவு என்று அறிவதற்குத்தான் இந்தப் பிரிவினை. வரிசை எப்படியும் உங்கள் விருப்பப்படிதான்.

அதிக உழைப்பைப் போட வேண்டியது நடு அடுக்கில். பெரும்பாலான வீடுகளில் முதல் பத்து வரிக்கு மணிக்கணக்கில் விவாதம் நடக்கிறது. ஐம்பதாவது வரியை பிரவுசிங் சென்டரில் அவசரமாகத் தட்டுகிறார்கள். உண்மையில் நான்கு ஆண்டு படிக்கப்போவது அந்த ஐம்பதாவது வரியில் இருக்கலாம். நடு அடுக்கில் உள்ள கல்லூரிகளில் பத்தையாவது நேரில் போய்ப் பாருங்கள். மூன்றாமாண்டு மாணவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சென்ற செமஸ்டரில் துறையில் எத்தனை ஆசிரியர்கள் விட்டுப் போனார்கள்? லேப் உண்மையிலேயே நடக்கிறதா? கட்டணத்துக்கு மேல் என்னென்ன வசூலித்தார்கள்?

பாதுகாப்பு வரிகளுக்கு ஒரே சோதனை: இதுதான் கிடைத்தது என்றால் சேருவீர்களா? இல்லை என்றால் அது பாதுகாப்பே அல்ல, எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ கணிதமோ உங்களுக்குப் பாதுகாப்பாக இருக்கலாம். அதற்கான விண்ணப்பம் வேறு இணையதளத்தில், வேறு தேதியில் நடக்கும். பொறியியல் கலந்தாய்வு முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

எத்தனை சாய்ஸ் போடலாம்?

எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு இல்லை. ஒரே கல்லூரியின் ஐந்து பிரிவுகள் ஐந்து சாய்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். மிக முன்னால் உள்ள ரேங்குக்கு 30, 40 போதும். நடுத்தர ரேங்குக்கு 80-இலிருந்து 150 வரை போடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. குறைவாகப் போட்டு எந்த வரியிலும் இடம் விழாமல் போனால் அந்தச் சுற்று (ரேங்க் வாரியாக நடக்கும் கலந்தாய்வின் ஒரு கட்டம்) வீண். அடுத்த சுற்றில் மீதமிருப்பவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் சுற்றில் இருப்பவர்கள் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன், எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் மீதம் என்பதை வெளியிடுவார்கள். அதை உங்கள் தாளோடு ஒத்துப் பாருங்கள். பொதுப்பிரிவிலும் உங்கள் சமூகப் பிரிவிலும் பூஜ்யம் என்று காட்டும் வரிகளை நம்பி இருக்காதீர்கள். போன ஆண்டு ரேங்கைவிட இந்த மீதப் பட்டியல்தான் இப்போது உங்களுக்குச் சரியான வழிகாட்டி.

ஒரு கல்லூரியின் உண்மையான ஆண்டுச் செலவு எவ்வளவு?

கலந்தாய்வு வழியாகச் சேரும் சுயநிதிக் கல்லூரி இடங்களுக்குக் கட்டணத்தை அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. 2017-இல் நிர்ணயித்தபடி, என்.பி.ஏ. (பாடப்பிரிவுகளுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள பிரிவுக்கு ஆண்டுக்கு ரூ. 55,000, இல்லாத பிரிவுக்கு ரூ. 50,000. நீங்கள் சேரும் ஆண்டுக்கான தொகையை, அந்த ஆண்டின் ஆணையைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல், மெஸ், கல்லூரிப் பேருந்து இதில் சேராது. வீட்டுக் கணக்கு தடம் புரள்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு மாதிரிக் கணக்கு. வெளியூர்க் கல்லூரி: கட்டணம் 55,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் 85,000, புத்தகம், தேர்வு, ஊருக்குப் போய்வரும் செலவு 15,000, ஆண்டுக்கு ரூ. 1,55,000, நான்கு ஆண்டுக்கு ரூ. 6,20,000. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரி: கட்டணம் அதே 55,000, பேருந்து 25,000, மற்றவை 15,000, ஆண்டுக்கு ரூ. 95,000, நான்கு ஆண்டுக்கு ரூ. 3,80,000. ஒரே தரத்தில் உள்ள இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே ரூ. 2,40,000 வித்தியாசம். இதில் கல்லூரிக் கட்டணத்துக்கு எந்தப் பங்கும் இல்லை, எல்லாம் தூரத்தின் விலை.

ஹாஸ்டல், பேருந்துத் தொகைகளைக் கல்லூரி அலுவலகத்தில் போன் செய்து கேளுங்கள். முதலாண்டில் ஹாஸ்டல் கட்டாயமா, டெபாசிட் திரும்ப வருமா, ‘பயிற்சிக் கட்டணம்’ என்ற பெயரில் ஏதாவது உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நிர்ணயித்ததற்கு மேல் கல்விக் கட்டணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். கட்டண நிர்ணயக் குழுவிடம் புகார் கொடுக்க அது தேவைப்படும்.

அரசுக் கல்லூரிகளை எங்கே வைப்பது?

உங்கள் ரேங்க் தொடும் எல்லா அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளும் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி, பர்கூர், போடி, தருமபுரி, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், வேலூர், காரைக்குடி அழகப்ப செட்டியார் ஆகிய அரசுப் பொறியியல் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் சுயநிதிக் கல்லூரியில் கட்டுவதில் ஒரு சிறு பங்குதான். ஊர் தூரமாக இருக்கிறது என்று இவற்றை ஒதுக்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஹாஸ்டல் செலவைச் சேர்த்தாலும், உள்ளூர் சுயநிதிக் கல்லூரிக்கான கட்டணமும் பேருந்தும் அதற்குச் சமமாகவோ மேலாகவோ வரக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் சில பிரிவுகள் சுயநிதி முறையில் நடக்கின்றன. பிரிவின் பெயர் ஒன்றுபோலவே இருக்கும். குறியீடு வேறு, கட்டணமும் வேறு. குறியீட்டைப் பார்த்து, இரண்டையும் தனித்தனி வரியாக, தனித்தனிச் செலவோடு எழுதுங்கள்.

எந்தெந்தச் சலுகைகள் உண்டு?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்தப் பிள்ளைகள் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். ஒரு வேண்டுகோள்: செலவை அரசு ஏற்கும்போது பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தாளில் தூரத்தின் விலை கிட்டத்தட்டப் பூஜ்யம். மாநிலத்தின் எந்த மூலையில் நல்ல கல்லூரி இருந்தாலும் மேலே போடுங்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை: குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு ரூ. 25,000 கட்டணத்தில் குறையும். கலந்தாய்வு வழி வந்தால் மட்டுமே கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருவாய்த் துறை விசாரணை முடிய நாளாகும். ரேங்க் வந்த பிறகு ஓடினால் சிரமம்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும், குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கலந்தாய்வுக் கடிதத்தில் இந்தச் சலுகை பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போங்கள்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ. 1,000. பேருந்துச் செலவில் ஒரு பகுதியை இது தாங்கும்.

கல்விக் கடனை நம்பிப் பட்டியல் போடலாமா?

போடலாம், தவணையைக் கணக்கிட்டுவிட்டு. ரூ. 5 லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் ரூ. 6,600 ஆகும். படிக்கும் காலத்தில் வட்டியைக் கட்டாமல் விட்டால் அதுவும் அசலோடு சேர்ந்து தவணை கூடும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரமோ பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும். எனவே கடன் வாங்கப்போகும் வீட்டில் அங்கீகாரம் என்பது தரத்தின் அடையாளம் மட்டுமல்ல, வட்டிக் கணக்கும்கூட. ரூ. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. விண்ணப்பத்தை வித்யா லட்சுமி தளத்தில் பதியுங்கள். வங்கிக் கிளையில் வாய்மொழியாக மறுத்தால், தளத்தில் பதிந்த விண்ணப்பம்தான் உங்கள் ஆதாரம்.

என்.பி.ஏ., நாக், தன்னாட்சி – எதைப் பார்ப்பது?

நாக் கல்லூரி முழுவதற்கும். என்.பி.ஏ. தனித்தனிப் பிரிவுக்கு. விளம்பரப் பலகையில் ‘என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்றிருந்தால், எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி போன்ற பிரிவுகளில் மாணவர்கள் இன்னும் படித்து வெளியேறவில்லை என்றால் அதற்கு என்.பி.ஏ. இருக்க முடியாது, பலகையில் இருப்பது இயந்திரவியலுக்கோ மின்னியலுக்கோ கிடைத்ததாக இருக்கும். புதிய பிரிவுகளுக்குப் பழைய ரேங்க் விவரமும் இருக்காது. பெயரைவிட, அந்தத் துறையில் கணினி அறிவியல் ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முக்கியம்.

தன்னாட்சி (தேர்வைக் கல்லூரியே நடத்தும் உரிமை) இல்லாத இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. எங்கள் பார்வையில் இதுதான் மிக நேர்மையான அளவுகோல். ஒரே செமஸ்டரைப் பார்க்காமல் நான்கைந்தைச் சேர்த்துப் பாருங்கள். 30 சதவீதத்துக்குக் கீழேயே தொடர்ந்து கிடக்கும் கல்லூரியை, வீட்டுக்கு எவ்வளவு பக்கம் இருந்தாலும் போடாதீர்கள். அரியரோடு ஐந்தாம் ஆண்டுக்கு இழுத்தால் எல்லாச் செலவுக் கணக்கும் பொய்த்துப் போகும்.

பதியும்போது என்ன தவறு நடக்கிறது?

முதல் தவறு, பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. ஒரே அறக்கட்டளையின் மூன்று கல்லூரிகள் ஒரு சொல் வித்தியாசத்தில் இருக்கும். குறியீட்டு எண்ணைத் தட்டி, மாவட்டத்தைச் சரிபார்த்துச் சேர்த்தால் இந்தத் தவறு வராது.

இரண்டாவது, கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் அடுத்தவரிடம் கொடுப்பது. ‘நாங்களே இலவசமாகப் பதிந்து தருகிறோம்’ என்று சொல்லித் தங்களுக்கு வேண்டிய கல்லூரியை முதல் வரியில் வைக்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். லாக் ஆன, அதாவது இறுதி செய்த பட்டியலைத் திருத்த முடியாது. உதவி வேண்டுமென்றால் அரசின் சேவை மையத்துக்குப் போங்கள், அங்கேயும் ஓ.டி.பி.யை நீங்களே தட்டுங்கள்.

மூன்றாவது, கடைசி நாள் மாலை வரை இழுப்பது. தாளில் எழுதிய வரிசையை முதல் நாளே ஏற்றிவிடுங்கள். பிறகு ஒருவர் தாளை வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். லாக் செய்ததும் பி.டி.எஃப்.பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் எதைத் தேர்ந்தெடுப்பது?

கிடைத்தது பிடித்திருந்தால், மேலே உள்ள எதற்கும் ஏங்கவில்லை என்றால், அக்செப்ட் அண்ட் ஜாயின். கிடைத்தது சரிதான், ஆனால் மேல்வரி ஏதாவது காலியானால் வேண்டும் என்றால், அக்செப்ட் அண்ட் அப்வர்ட். மேல்வரி கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகவே போய்விடும். ‘இதுவே இருக்கட்டும்’ என்று திரும்ப முடியாது. ஆகவே அப்வர்ட் கேட்கும் முன் மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் மறுபடி படியுங்கள். டிக்ளைன் அண்ட் அப்வர்ட் என்றால் கையில் இருப்பதை விட்டுவிட்டு மேல்வரிக்கு மட்டும் காத்திருப்பது. அடுத்த வாய்ப்பு உறுதியாக வேறெங்கோ இருந்தாலொழிய இதைத் தொடாதீர்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் உறுதி செய்ய இரண்டு நாள் போலத்தான் அவகாசம். எதையும் அழுத்தாமல் விட்டால் ஒதுக்கீடு போய்விடும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

நான்கு ஆண்டு மொத்தச் செலவையும், முன்பணம் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள். அவை கலந்தாய்வில் சேராதவை. முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே கிடையாது. முதலாண்டு ஸ்காலர்ஷிப் என்று சொன்னால், இரண்டாம் ஆண்டு அது தொடர எத்தனை சி.ஜி.பி.ஏ. வேண்டும் என்று கேளுங்கள்.

சேர்ந்த பிறகு மருத்துவமோ வேளாண்மையோ கிடைத்தால் பணம் திரும்ப வருமா?

ஏ.ஐ.சி.டி.இ. எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் ரூ. 1,000 மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். விலகல் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அன்றைக்கே அனுப்புங்கள். கடைசித் தேதிக்குள் விலகினீர்கள் என்பதற்கு அந்தத் தேதி முத்திரைதான் சான்று.